கடன் கேட்கும் முன் கடன் அறிக்கையைப் பாருங்கள்

நிலம் வாங்க நினைப்பவர் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறார். விற்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அந்தச் சான்றைப் பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. அதே போல, விவசாயி ஒருவர் வங்கியில் கடன் கேட்டால், வங்கியும் அவருடைய பெயருக்கு ஒரு வில்லங்கச் சான்றை வரவழைத்துப் பார்க்கிறது. கடன் அறிக்கை என்பது அதுதான். "சிபில் பார்க்கிறார்கள்" என்று ஊர்ப்புறத்தில் பேசிக் கொள்வதும் இதைத்தான்.

நிலத்தின் வில்லங்கச் சான்றை நாமே கேட்டுப் பெறலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். நம்முடைய கடன் அறிக்கையையும் நாமே, அதுவும் செலவில்லாமல், பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதில் பிழை இருந்தால் திருத்தக் கோரும் உரிமையும் சட்டப்படி நமக்கு உண்டு. நாற்று விட்ட பிறகு வங்கிக்குப் போய், "உங்கள் பெயரில் பழைய பாக்கி காட்டுகிறது" என்ற பதிலோடு திரும்புகிறவருக்கு, அந்தப் பாக்கி உண்மையா பொய்யா என்று ஆராய நேரம் இருக்காது. அவசரத்திற்கு வெளியில் வட்டிக்கு வாங்குவார்.

அதனால் வரும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மத்திய அரசின் வட்டி மானியத் திட்டப்படி, 3 லட்சம் ரூபாய் வரையுள்ள பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். உரிய காலத்தில் கட்டினால் 3 சதவீதம் ஊக்கத்தொகை கிடைத்து, வட்டி 4 சதவீதமாகக் குறையும். ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டு வட்டி 4,000 ரூபாய்தான். அதே ஒரு லட்சத்தை நூற்றுக்கு மாதம் மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கினால் ஆண்டுக்கு 36,000 ரூபாய். அறிக்கையில் உள்ள ஒரு தவறான வரி, ஓர் ஏக்கர் நெல்லின் லாபம் முழுவதையும் தின்றுவிடக் கூடும்.

யார் வைத்திருக்கும் கணக்கு?

இந்தியாவில் கடன் தகவல் சேகரிக்க ரிசர்வ் வங்கி நான்கு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்துள்ளது. அவை டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிரிஃப் ஹை மார்க் என்பன. இவற்றில் மூத்தது 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிபில். அதனால்தான் எந்த நிறுவனத்தின் அறிக்கையையும் மக்கள் சிபில் என்றே அழைக்கிறார்கள். இந்நிறுவனங்கள் 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவை.

வங்கிகள், நிதி நிறுவனங்கள், நுண்கடன் நிறுவனங்கள் ஆகியவை தாங்கள் கொடுத்த ஒவ்வொரு கடனின் விவரத்தையும் இந்த நான்குக்கும் அனுப்ப வேண்டும். மாதம் ஒரு முறை அனுப்பி வந்ததை, 2025 ஜனவரி முதல் 15 நாட்களுக்கு ஒரு முறையாக ரிசர்வ் வங்கி மாற்றியது. பயிர்க்கடன், நகைக்கடன், டிராக்டர் கடன், கறவை மாட்டுக் கடன், இரு சக்கர வாகனத் தவணை, கடையில் தவணைக்கு வாங்கிய செல்போன் ஆகிய யாவும் இதில் அடங்கும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய கடன் அறிக்கையில் இல்லாமலும் இருக்கலாம். அது இல்லாததைப் பிழை என்று எண்ண வேண்டியதில்லை.

கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் இந்த அறிக்கையைப் பார்க்க வேண்டும் என்று 2025-ல் தமிழ்நாட்டில் சுற்றறிக்கை வந்ததும், விவசாயிகள் சங்கங்கள் அதை எதிர்த்துப் போராடியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த விவாதம் எப்படியிருந்தாலும், வணிக வங்கிகளில் இதைப் பார்க்காமல் கடன் தருவது அரிது. எனவே இதைப் படிக்கத் தெரிந்து வைத்திருப்பது ஒவ்வொரு விவசாயிக்கும் நலம்.

இலவசமாகப் பெறும் வழி

ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2017 ஜனவரி முதல், ஒவ்வொரு நிறுவனமும் ஒருவருக்கு ஓர் ஆண்டில் ஒரு முழு அறிக்கையை, மதிப்பெண்ணோடு சேர்த்து, இலவசமாகத் தர வேண்டும். நிறுவனங்கள் நான்கு என்பதால் ஆண்டுக்கு நான்கு அறிக்கைகள் இலவசம். ஆண்டு என்பது இங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரை.

அறிக்கையை நிறுவனத்தின் இணையதளத்தில் கேட்டுப் பெறலாம். பெயர், பிறந்த தேதி, முகவரி, பான் எண் அல்லது கேட்கும் வேறு அடையாள அட்டையின் எண், செல்போன் எண் ஆகியவற்றைப் பதிய வேண்டும். செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணைப் பதிந்ததும் அறிக்கை கிடைக்கும். வங்கியில் கொடுத்துள்ள அதே செல்போன் எண் கையில் இருந்தால் வேலை சுலபம். இலவச அறிக்கைக்கான இணைப்பை எளிதில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று 2023-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுள்ளது. ஆயினும் அதே தளத்தில் மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்று பணம் கேட்கும் திட்டங்களும் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு, 'ஆண்டு இலவச அறிக்கை' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இணையம் பழகாதவர்கள் படித்த மகன், மகளைக் கொண்டு இதைச் செய்து கொள்ளலாம். கணினி மையத்தில் எடுத்தால், அச்சிட்ட பிறகு அந்தக் கணினியில் உள்ள பிரதியை அழிக்கச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. கடனுக்கு விண்ணப்பித்துள்ள ஒருவர், வங்கி தன்னைப் பற்றி வரவழைத்த கடன் தகவலின் நகலைத் தமக்குத் தரும்படி கேட்கலாம் என்று மேற்சொன்ன சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறுகிறது. இதற்குச் சிறு கட்டணம் கேட்கலாம். "சிபில் சரியில்லை" என்ற வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராமல், நகலை எழுத்து மூலம் கேளுங்கள்.

எப்போது எடுப்பது?

சொந்த அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. எனவே அச்சம் வேண்டாம். பிழை திருத்த 30 நாட்கள் ஆகும் என்பதால், கடன் தேவைப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே அறிக்கையைப் பார்த்துவிட வேண்டும். குறுவைக்குக் கடன் கேட்பவர் பங்குனி கடைசியிலும், சம்பாவுக்குக் கேட்பவர் வைகாசியிலும் எடுத்தால் போதிய அவகாசம் இருக்கும். நான்கையும் ஒரே நாளில் எடுத்துத் தீர்த்துவிடாமல், மூன்று மாதத்திற்கு ஒன்றாக எடுத்தால் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். ஆனால் பெரிய கடன் கேட்கப் போகிறவர் நான்கையும் பார்ப்பதே நல்லது. ஒன்றில் இல்லாத பிழை மற்றொன்றில் இருக்கக் கூடும்.

முதலில் பெயரைப் பாருங்கள்

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. சிட்டாவையும் அடங்கலையும் பத்தி பத்தியாகப் பார்ப்பது போலப் பார்த்தால் போதும்.

முதல் பகுதியில் பெயர், பிறந்த தேதி, அடையாள எண்கள், முகவரி, தொலைபேசி எண்கள் இருக்கும். நம் நாட்டுப் பெயர்களுக்கு இங்கே ஒரு தொல்லை உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஓர் அட்டையில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். இன்னொன்றில் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கும். மூன்றாவதில் அது பின்னால் போயிருக்கும். ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பதும் சாதாரணம். இதனால் ஒருவர் கடன் மற்றவர் பெயரில் ஏறிவிடுவது உண்டு. உங்களுடையது அல்லாத பான் எண், நீங்கள் குடியிருந்தே அறியாத முகவரி, தெரியாத செல்போன் எண் ஆகியவை கண்ணில் பட்டால் அந்த அறிக்கையை மேலும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

கணக்குகளை எண்ணுங்கள்

அடுத்த பகுதி கடன் கணக்குகள். ஒவ்வொன்றுக்கும் வங்கியின் பெயர், கடன் வகை, வாங்கிய தேதி, தொகை, இன்றைய பாக்கி, தவணை தவறிய தொகை, கணக்கு முடிந்த தேதி ஆகியவை இருக்கும். வீட்டிலுள்ள பாஸ் புத்தகங்களையும் நகைக்கடன் ரசீதுகளையும் எடுத்து வைத்துக் கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும்.

நகைக்கடன் வாங்குகிறவர்கள் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். நகையை ஒவ்வொரு முறை அடகு வைப்பதும் தனித்தனிக் கணக்கு. நகையை மீட்டு, மகள் கழுத்தில் போட்டு, திருமணமும் முடிந்த பிறகும் கடன் உயிரோடு இருப்பதாக அறிக்கை காட்டக் கூடும். முடிந்த கணக்கிற்கு 'குளோஸ்டு' என்று இருக்க வேண்டும். பாக்கி சுழியாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கணக்கிலும் அது யார் பொறுப்பு என்ற குறிப்பு உண்டு. 'இன்டிவிஜுவல்' என்றால் தனிப்பட்ட கடன். 'ஜாயின்ட்' என்றால் கூட்டுக் கடன். 'கேரண்டர்' என்றால் ஜாமீன். பங்காளியின் டிராக்டருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கடன் உங்கள் அறிக்கையிலும் வரும். அவர் தவணை தவறினால் உங்கள் பெயரும் கெடும். மகனின் கல்விக் கடனில் தகப்பனார் கூட்டுக் கடன்தாரராக இருப்பார். படிப்பு முடிந்து மகன் வேலைக்கு அலையும் காலத்தில் தவணை தொடங்கிவிட்டால், அந்தத் தவறுதல் தகப்பனாரின் பயிர்க்கடனைத் தடுக்கும். இவை பிழை அல்ல, உண்மையான பொறுப்புகள். கட்டித்தான் தீர்க்க வேண்டும்.

பெண்கள் பெயரில் உள்ள அறிக்கையையும் பார்க்க மறக்கக் கூடாது. மகளிர் குழுக் கடன், நுண்கடன் ஆகியவை மனைவி, தாயார் பெயரில் பதிவாகின்றன. வாரந்தோறும் வசூலுக்கு வருபவரிடம் கட்டிய பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று அறிய இதுவே வழி. நுண்கடன் விவரங்களைத் தொடக்க முதல் அதிகமாகத் திரட்டி வருவது ஹை மார்க் நிறுவனம். எனவே முதலில் அதன் அறிக்கையை எடுக்கலாம்.

மாதக் கட்டங்கள் சொல்வது

ஒவ்வொரு கணக்கின் கீழும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். சிபில் அறிக்கையில் 36 மாதம் வரை காட்டுவார்கள். கட்டத்தில் மூன்று சுழிகள் இருந்தால் அந்த மாதம் பாக்கி இல்லை. 30, 60 போன்ற எண்கள் இருந்தால் தவணை தவறி அத்தனை நாட்கள் ஆயின என்று பொருள். எக்ஸ் என்ற எழுத்து மூன்று இருந்தால் வங்கி அந்த மாத விவரத்தை அனுப்பவில்லை. அது உங்கள் குற்றம் அல்ல.

பயிர்க்கடனுக்குத் தனி விதி உண்டு. சாதாரணக் கடன் 90 நாட்கள் தவறினால் வாராக்கடன் ஆகிவிடும். பயிர்க்கடன் அப்படியல்ல. குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன், தவணை தவறி இரண்டு சாகுபடிப் பருவங்கள் கடந்தால்தான் வாராக்கடன். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம். நெல்லுக்கு வாங்கிய கடனை மூன்று மாதத் தாமதத்திலேயே வாராக்கடன் என்று காட்டியிருந்தால், கிளை மேலாளரிடம் விளக்கம் கேட்கலாம். புயல், வெள்ளம், வறட்சி காரணமாகத் தவணை மாற்றியமைத்த கடனும் அவ்வாறே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் தவணை தவறிய கடன் என்று இருக்கக் கூடாது.

தள்ளுபடி என்ற சொல்லில் உள்ள சிக்கல்

அறிக்கையில் விவசாயிகளை அதிகம் குழப்புவது தள்ளுபடி. தமிழில் இரு வேறு காரியங்களுக்கு இந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம்.

ஒன்று, அரசு அறிவிக்கும் தள்ளுபடி. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது அவ்வகை. அங்கே விவசாயியின் பாக்கியை அரசு ஏற்றுக் கொள்கிறது. அந்தத் தொகைக்கு விவசாயி கடனாளி அல்ல.

மற்றொன்று, வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்குவது. அறிக்கையில் 'ரிட்டன் ஆஃப்' என்று வரும். பத்திரிகைகள் இதையும் தள்ளுபடி என்றே எழுதுகின்றன. ஆனால் இங்கே விவசாயியின் கடன் தீரவில்லை. வங்கி தொடர்ந்து வசூலிக்கலாம், வழக்கும் போடலாம். வாராது என்று வங்கி கைவிட்ட கடன் என்பதுதான் இதன் பொருள். புதிய கடன் கொடுப்பவர் கண்ணில் இதைவிடக் கெட்ட குறிப்பு இல்லை.

ஆகவே, அரசுத் தள்ளுபடி பெற்ற உங்கள் கடன் 'ரிட்டன் ஆஃப்' என்று பதிவாகியிருந்தால், அல்லது இன்னும் பாக்கி இருப்பதாகக் காட்டினால், தள்ளுபடிச் சான்றின் நகலோடு உடனே திருத்தம் கோர வேண்டும்.

'செட்டில்டு' என்று ஒரு சொல்லும் வரும். மக்கள் நீதிமன்றத்திலோ வங்கியின் சமரசத் திட்டத்திலோ பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டி முடித்தால் இவ்வாறு பதிவாகும். கடன் தொல்லை தீரும். ஆனால் முழுதும் கட்டவில்லை என்ற குறிப்பு நிற்கும். சமரசத்திற்குக் கையெழுத்திடும் முன் இதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். சிறு தொகை வித்தியாசம்தான் என்றால், முழுதும் கட்டி 'குளோஸ்டு' என்று பதியச் செய்வது பிற்காலத்திற்கு நல்லது.

கடைசிப் பகுதியில் 'என்கொயரி' என்ற தலைப்பில், உங்கள் அறிக்கையைக் கேட்டு வாங்கிய வங்கிகளின் பட்டியல் இருக்கும். நீங்கள் கடனே கேட்காத நிறுவனம் அதில் இருந்தால், உங்கள் அட்டை நகலை வைத்து வேறு யாராவது கடன் வாங்க முயன்றார்களா என்று விசாரிக்க வேண்டும்.

பிழை இருந்தால் செய்ய வேண்டியது

கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் திருத்தாது. விவரம் அனுப்பிய வங்கி ஒப்புக் கொண்டால்தான் திருத்தம் நடக்கும். எனவே நிறுவனத்தின் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்வதோடு, வங்கிக் கிளையிலும் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக் கொள்ள வேண்டும்.

கடிதம் இவ்வாறு இருக்கலாம்:

"ஐயா, எனது ........ எண் நகைக்கடனை ........ தேதியன்று முழுவதும் செலுத்தி நகையைப் பெற்றுக் கொண்டேன். ........ நிறுவனத்தின் ........ தேதியிட்ட கடன் அறிக்கையில் இக்கடன் ........ ரூபாய் பாக்கியுடன் காட்டப்பட்டுள்ளது. ரசீது நகலும் அறிக்கையின் நகலும் இணைத்துள்ளேன். நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் சரியான விவரத்தை அனுப்பி, எனக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்."

வங்கி 21 நாட்களுக்குள் திருத்திய விவரத்தை அனுப்ப வேண்டும். புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எல்லாம் முடிய வேண்டும். முடியாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த இந்த உத்தரவு, 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. தாமதம் யாரால் ஏற்பட்டதோ, வங்கியோ தகவல் நிறுவனமோ, அவர்கள் இதைத் தர வேண்டும். மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற புகாருக்கு இது பொருந்தாது. புகாரில் உங்கள் வங்கிக் கணக்கு எண்ணையும் குறிப்பிடுங்கள்.

30 நாட்களாகியும் பதில் இல்லையென்றாலும், பதில் திருப்தியாக இல்லையென்றாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அவரது வரம்பிற்குள் வந்துவிட்டன. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. விவரம் அறிய 14448 என்ற எண்ணுக்குப் பேசலாம். முத்திரையிட்ட அந்த நகல்தான் அங்கே முக்கிய ஆதாரம்.

மதிப்பெண் எவ்வளவு இருக்க வேண்டும்?

மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும். அதிகமாக இருப்பது நல்லது. ஆனால் இத்தனை மதிப்பெண் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்த எல்லையும் வகுக்கவில்லை. அதை ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்கிறது. முதன்முதலாகக் கடன் கேட்பவருக்கு மதிப்பெண்ணே இருக்காது. முன்பு கடன் வாங்கிய வரலாறு இல்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி அவரது விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கூறியுள்ளது. கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

உண்மையாகவே தவணை தவறியிருந்தால், அதை அறிக்கையிலிருந்து அழிக்க வழியில்லை. பாக்கியைக் கட்டி, அடுத்த தவணைகளை நாள் தவறாமல் செலுத்தி வந்தால் மதிப்பெண் படிப்படியாக ஏறும். உவர் நிலத்தைத் திருத்துவது போன்ற வேலை இது. ஒரே பருவத்தில் பலன் தெரியாது. "ஐயாயிரம் கொடுங்கள், ஒரு வாரத்தில் சிபிலைச் சரி செய்து தருகிறோம்" என்று சொல்லும் தரகர்களை நம்பி ஏமாற வேண்டாம். அவர்களால் செய்யக் கூடியது புகார் பதிவு மட்டுமே. அதை நீங்களே செலவின்றிச் செய்யலாம். செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணை எந்தக் காரணத்திற்காகவும் அவர்களிடம் சொல்லக் கூடாது.

விவசாயிகள் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக் கொண்டால் பெரும்பாலான தொல்லைகள் வராமலே தடுக்கலாம். எந்தக் கடனைக் கட்டி முடித்தாலும் அன்றே 'நிலுவை இல்லை' என்ற சான்றை வாங்கி, பட்டா, பத்திரங்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். கடன் விவரங்கள் குறைந்தது ஏழு ஆண்டுகள் பதிவில் இருக்கும். அந்தச் சான்றும் அதுவரை வீட்டில் இருக்கட்டும். செல்போன் எண்ணை மாற்றினால் வங்கியில் தெரிவித்துவிடுங்கள். உங்கள் அறிக்கையை யாராவது பார்த்தாலும், தவணை தவறியதாக ஏதாவது பதிவானாலும், அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி வரும்.